ஆட்டிசப் பிள்ளைகளின் பெற்றோருக்கு இணையத்தில் துணை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டுப் பெற்றோரை மனதில் வைத்து எழுதப்பட்டது இது. சட்டம், அட்டை, காப்பீடு பற்றிய பகுதிகள் இந்தியாவுக்கு மட்டுமே பொருந்தும். மற்றவை எங்கிருந்தாலும் உதவும்.

போன வாரம்தான் டாக்டர் ஆட்டிசம் என்றார். இப்போதே குழுவில் சேரலாமா?

சேரலாம். ஆனால் சேர்ந்த அன்றே விடிய விடிய உட்கார்ந்து எல்லாச் செய்தியையும் படிக்க வேண்டாம். அதே குழுவில் 3 வயதுக் குழந்தையின் அம்மாவும் இருப்பார், 24 வயது இளைஞரின் அப்பாவும் இருப்பார். புதிதாக வருகிறவருக்கு அங்கே பேசப்படும் அத்தனையும் தன் பிள்ளைக்கு வரப்போவதாகவே தோன்றும். ஒருவர் வலிப்பைப் பற்றி எழுதினால் இவருக்கு அன்றைய தூக்கம் போய்விடும்.

சேர்ந்ததும் அறிவிப்பு ஒலியை நிறுத்துங்கள். ஒரு வாரம், நாளுக்கு இருபது நிமிடம், வாசிக்க மட்டும் செய்யுங்கள். யார் பொறுப்பாகப் பதில் சொல்கிறார், யார் எந்தக் கேள்விக்கும் ஒரே சத்துமாவைச் சிபாரிசு செய்கிறார் என்பது அதற்குள் தெரிந்துவிடும். இன்னொன்று: குழுவில் நாலு பேரை விசாரித்துவிட்டுத் தெரபி தொடங்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். பேச்சுப் பயிற்சியும் ஓ.டி.யும் (அன்றாட வேலைகளுக்கும் புலனுணர்வுக்குமான பயிற்சி) தொடங்க முழு அறிக்கை கைக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

நல்ல குழுவை எங்கே தேடுவது?

தேடும்போது சொல் முக்கியம். தமிழில் இந்த நிலைக்கு ஒரே பெயர் இல்லை. பெற்றோர் பேச்சில் "ஆட்டிசம்", நாளிதழ்களில் "மன இறுக்கம்", அரசு ஆவணங்களில் "புற உலகச் சிந்தனையற்றவர்" என்று வரும். மூன்றையும் போட்டுத் தேடுங்கள். கூடவே மாவட்டத்தின் பெயரையும் சேருங்கள். திருநெல்வேலியில் இருப்பவருக்குச் சென்னை தெரபி மையங்களின் கட்டணப் பட்டியலால் பெரிய பயன் இல்லை.

ஆனால் உருப்படியான குழுக்கள் பெரும்பாலும் தேடலில் சிக்குவதில்லை. தெரபி மையத்தின் காத்திருப்பு நாற்காலியில்தான் கிடைக்கும். பிள்ளை உள்ளே இருக்கும் முக்கால் மணி நேரத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் "நீங்க ஏதாவது குரூப்ல இருக்கீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உள்ள மாவட்ட ஆரம்பகட்ட இடையீட்டு மையங்கள், வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர், முட்டுக்காட்டில் உள்ள பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் போன்ற இடங்களுக்குப் போகும்போதும் இதே கேள்வியைக் கேட்கலாம்.

வாட்ஸ்அப், டெலிகிராம், ஃபேஸ்புக்: எது நல்லது?

மூன்றும் மூன்று வேலைக்கு.

வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர் வரை சேரலாம். பதில் சுடச்சுட வரும். குறை என்னவென்றால், உங்கள் தொலைபேசி எண் அத்தனை பேருக்கும் தெரியும். முகப்புப் படத்தையும் எல்லாரும் பார்க்கலாம் என்று விட்டிருந்தால், பள்ளிச் சீருடையில் நிற்கும் உங்கள் பிள்ளையின் படம் ஆயிரம் அந்நியர் கையில் இருக்கிறது என்று பொருள். அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குப் போய் முகப்புப் படத்தை "எனது தொடர்புகள்" என்று மாற்றுங்கள். அதே பக்கத்தில் உங்களை யார் குழுவில் சேர்க்கலாம் என்பதையும் மாற்றலாம். இதைச் செய்யாவிட்டால் ஒரு குழுவில் சேர்ந்த மாதமே நாலு "ஹெல்த் டிரிங்க்" குழுக்களில் நீங்கள் இருப்பீர்கள்.

டெலிகிராமில் எண்ணை மறைக்கலாம். பழைய உரையாடல்களையும் கோப்புகளையும் தேடி எடுப்பது எளிது. படிவங்கள், படஅட்டைகள், பயிற்சித் தாள்கள் சேர்த்துவைக்க ஏற்றது.

ஃபேஸ்புக் தனிக் குழுவில் பெயர் தெரியாமல் கேள்வி போடும் வசதி இருக்கிறது. மாமியார் வீட்டில் இன்னும் சொல்லாதவர்கள், வயதுக்கு வரும் மகளைப் பற்றிக் கேட்க வேண்டியவர்கள் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: மற்ற உறுப்பினர்களுக்குத்தான் பெயர் தெரியாது, அட்மினுக்கும் மட்டுறுத்துநருக்கும் தெரியும்.

இது பெற்றோர் குழுவா, விற்பனைக் குழுவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சேர்ந்த பத்து நாளில் வெளிச்சமாகிவிடும். அட்மின் யார் என்று கேட்டால் நேரான பதில் வருகிறதா? "எனக்கு இது பலன் தரவில்லை" என்று யாராவது எழுதினால் அந்தச் செய்தி இருக்கிறதா, அழிக்கப்படுகிறதா? கேள்வி கேட்ட ஐந்தாவது நிமிடத்தில் "டிஎம் பண்ணுங்க சிஸ்டர்" என்று தனிச்செய்தி வருகிறதா? வெற்றிக்கதைகள் எல்லாம் ஒரே மையத்தைச் சுற்றியே வருகின்றனவா? தெரபி மையங்களே நடத்தும் குழுக்களும் உண்டு, அவற்றில் தவறில்லை. ஆனால் அந்த மையத்தைப் பற்றிய குறையை அங்கே பேச முடியாது என்று தெரிந்தே இருங்கள்.

கேள்வி போட்டால் யாரும் பதில் சொல்வதில்லை. ஏன்?

பெரும்பாலும் கேள்வியின் அகலம்தான் காரணம். "என் பையன் ரொம்ப அடம், என்ன செய்வது?" என்று கேட்டால் பதினைந்து பேர் கைகூப்பும் படம் போடுவார்கள், விஷயம் அதோடு முடிந்துவிடும். "அடம்" என்ற சொல்லுக்குள் பசி, பல்வலி, சத்தம், புரியாமை, பழக்கம் மாறியது என எது வேண்டுமானாலும் இருக்கலாம். பதில் சொல்ல விரும்புகிறவருக்கும் எங்கே பிடிப்பது என்று தெரியாது.

இப்படி எழுதிப் பாருங்கள்:

"5 வயசுப் பையன். பத்து வார்த்தை பேசுவான். மூணு வாரமா பல் தேய்க்க விடறதில்ல, அதுக்கு முன்னாடி விடுவான். பிரஷ் வாய்க்குள்ள போனதும் குமட்டுறான். பேஸ்ட் மாத்தியாச்சு, சிலிக்கான் விரல் பிரஷும் பார்த்தாச்சு. தலை துவட்டினாலும் கத்துவான். இப்படி இருந்து சரியானவங்க என்ன செஞ்சீங்க?"

இதில் வயது இருக்கிறது, பேச்சின் அளவு இருக்கிறது, எப்போது தொடங்கியது, என்ன முயன்றது, வேறு எங்கே இதே தொந்தரவு என்பதெல்லாம் இருக்கிறது. இதற்கு வரும் பதில்களும் கைக்கு அடங்கும்: புதினா வாசனையில்லாத பேஸ்ட், முதல் நான்கு நாள் பேஸ்ட்டே இல்லாமல் ஈரப் பிரஷ்ஷால் உதட்டை மட்டும் தொடுவது, ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணி நிறுத்திவிடுவது, கண்ணாடி முன் அவன் கையாலேயே பிடிக்கவிடுவது. அனுபவமுள்ள ஒரு அம்மா "மூணு வாரமா" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, முதலில் பல் டாக்டரிடம் காட்டச் சொல்வார். நேற்றுவரை செய்ததைப் பிள்ளை திடீரென மறுத்தால், குணத்தைக் குறை சொல்லும் முன் வலி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை மறுத்துத்தான் காட்டும்.

ஐந்து நிமிட வாய்ஸ் நோட் வேண்டாம். கேட்கிறவர் மடியிலும் ஒரு பிள்ளை இருக்கும். பத்து நாள் கழித்து எது பலித்தது என்று இரண்டு வரி எழுதினால் அடுத்தவருக்கு அதுவே பெரிய உதவி. இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு.

வீடியோ போட்டால்தான் புரியும் என்கிறார்கள். போடலாமா?

எங்கள் பதில்: குழுவில் வேண்டாம். மெல்ட்டவுன் நேரத்தில், அதாவது பிள்ளை தாங்க முடியாமல் கட்டுப்பாடிழந்து கத்தி அழும்போது, எடுத்த வீடியோ தெரபிஸ்டுக்கும் டாக்டருக்கும் உதவும், அவர்களுக்குத் தனியாக அனுப்புங்கள். குழுவில் போட்டதை ஒருவர் பதிவிறக்கிவிட்டால் பிறகு உங்களிடம் அழித்துப் பயனில்லை. ஒருமுறை மட்டும் பார்க்கும் வசதியை நம்பாதீர்கள், இன்னொரு போனால் திரையைப் படம் எடுக்கலாம். பதினைந்து வருடம் கழித்து அந்தப் பிள்ளையே அதைப் பார்க்கக்கூடும். பேசாத பிள்ளைக்கு மானம் இல்லை என்று ஆகிவிடாது.

கழிப்பறைப் பயிற்சி, குளியல், தடிப்பு, பூப்பு தொடர்பான எதையும் படமாக அனுப்பவே கூடாது. நோக்கம் நல்லதாக இருந்தாலும் உடையற்ற குழந்தையின் படத்தைப் பரப்புவது போக்சோ, தகவல் தொழில்நுட்பச் சட்டங்களில் மாட்டிவிடும்.

அறிக்கையைப் படமெடுத்துப் போடும்போது பெயர், பிறந்த தேதி, மருத்துவமனை எண் உள்ள பகுதியின்மேல் ஒரு தாளை வைத்து மறைத்துவிட்டுப் படம் எடுங்கள். போனிலேயே ஹைலைட்டர் தூரிகையால் கறுப்படித்தால், வெளிச்சத்தைக் கூட்டிப் பார்க்கும்போது எழுத்து தெரியும். இன்னொரு நுணுக்கம்: வாட்ஸ்அப்பில் படத்தைப் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பினால், எடுத்த இடத்தின் விவரமும் கோப்போடு சேர்ந்தே போகலாம்.

மருந்து பற்றிக் கேட்கலாமா?

"இந்த மருந்து எடுக்கும்போது பசி கூடியதா, தூக்கம் எப்படி இருந்தது?" என்று கேட்கலாம். டாக்டரிடம் என்ன கேட்பது என்று தயாராக அது உதவும். "எவ்வளவு கொடுக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்காதீர்கள், கேட்டால் சொல்லவும் செய்யாதீர்கள்.

காரணம் இது. ஒரு அம்மா "காலையில் 5, இரவில் 5" என்று எழுதுகிறார். அவர் சொன்னது மில்லிலிட்டர். வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட் சிரப்பில் 5 மி.லி.க்கு 200 மி.கி. மருந்து இருக்கும். எரிச்சலையும் ஆக்ரோஷத்தையும் தணிக்கத் தரும் ரிஸ்பெரிடோன் திரவத்தில் 1 மி.லி.க்கு 1 மி.கி. இருக்கும். அலகு போடாத ஒரு எண் ஒரு மருந்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதோடு அளவு பிள்ளையின் எடையையும், உடன் எடுக்கும் மருந்தையும் பொறுத்தது. வலிப்பு மருந்தைக் குழுவில் யாரோ சொன்னார் என்று திடீரென நிறுத்துவது இன்னும் ஆபத்து, நின்றிருந்த வலிப்பு பெரிதாகத் திரும்பலாம்.

"ஆறே மாதத்தில் முழுக்கக் குணமானது" என்ற ஃபார்வர்டு வருகிறது. எப்படி எடைபோடுவது?

ஆட்டிசத்தைக் குணமாக்கும் மருந்தோ சிகிச்சையோ கிடையாது. பிள்ளைகள் கற்கிறார்கள், பேசுகிறார்கள், பலர் வெகுதூரம் முன்னேறுகிறார்கள். 3 வயதுக்கும் 5 வயதுக்கும் இடையில் எதுவும் விற்காமலேயே நிறைய மாற்றம் வரும். அந்த இடைவெளியில் என்ன கொடுத்திருந்தாலும் பெயர் அதற்குப் போய்விடுகிறது. இந்த வியாபாரத்தின் சூட்சுமமே அதுதான்.

ஸ்டெம்செல் சிகிச்சைக்கு லட்சக்கணக்கில் கேட்பார்கள். ஆட்டிசத்துக்கு அதைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்க முடியாது, அப்படி விளம்பரப்படுத்துவது தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022-லேயே சொல்லிவிட்டது. உடலிலிருந்து உலோகத்தை இறக்குவதாகச் சொல்லும் கீலேஷன் உயிருக்கே ஆபத்து. 2005-ல் அமெரிக்காவில் 5 வயதுச் சிறுவன் ஒருவன் அதன்போது ரத்தத்தில் கால்சியம் சட்டென்று இறங்கி இறந்தான். "எம்.எம்.எஸ்." என்ற பெயரில் வரும் சொட்டு மருந்து குளோரின் டையாக்சைடு, அதாவது வெளுக்கப் பயன்படும் ரசாயனம். அதைக் குடித்த பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் "கிருமி வெளியேறுகிறது" என்பார்கள். தடுப்பூசிதான் காரணம் என்று கிளம்பிய 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை, அதை வெளியிட்ட லான்செட் இதழே 2010-ல் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஃபார்வர்டுகளுக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

கோதுமையும் பாலும் இல்லாத உணவு முறை இவற்றைப் போல உடனடி ஆபத்தல்ல. ஆனால் தயிர்சாதமும் பிஸ்கட்டும் மட்டுமே சாப்பிடும் பிள்ளையிடமிருந்து அந்த இரண்டையும் பிடுங்கினால் மிச்சம் என்ன? எடையும் கால்சியமும் குறையும். சோதித்தே ஆகவேண்டும் என்றால் குழந்தை மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

குழுவில் ஒரு தெரபிஸ்டைப் பரிந்துரைக்கிறார்கள். நம்பலாமா?

பெயரை வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு நீங்களே சரிபாருங்கள். பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பாசிரியர், மருத்துவ உளவியலாளர் ஆகியோர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் (ஆர்.சி.ஐ.) பதிவு செய்திருக்க வேண்டும். "உங்க ஆர்.சி.ஐ. நம்பர் என்ன?" என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. கழகத்தின் இணையதளத்தில் அதைத் தேடிப் பார்க்கலாம். ஓ.டி. இந்தக் கழகத்தின் கீழ் வராது, அவரிடம் பட்டப்படிப்பைக் கேளுங்கள்.

பரிந்துரைத்தவரிடம் கேட்க வேண்டியது "நல்லவரா?" என்பதல்ல. அமர்வு எத்தனை நிமிடம், பெற்றோரை உள்ளே விடுகிறார்களா, வீட்டுப் பயிற்சி எழுதித் தருகிறார்களா, பிள்ளை அழுதால் என்ன செய்கிறார்கள்? இந்த நான்கும் போதும். கதவை மூடிக்கொண்டு பெற்றோரை எட்டியே பார்க்கவிடாத இடத்துக்கு எத்தனை பேர் சிபாரிசு செய்தாலும் யோசியுங்கள்.

சான்றிதழ், அட்டை, காப்பீடு பற்றிக் குழுவில் கேட்டால் சரியான பதில் கிடைக்குமா?

குழுக்கள் சொக்கத்தங்கமாக இருப்பது இதில்தான். எந்த ஆஸ்பத்திரியில் எந்தக் கிழமை சான்றிதழ் தரும் மருத்துவ போர்டு கூடுகிறது, எத்தனை நகல், எத்தனை போட்டோ என்பதெல்லாம் போன மாதம் போய் வந்தவருக்குத்தான் தெரியும். ஆனால் அடிப்படை விவரங்களைத் தெரிந்துகொண்டு கேளுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. பெரும்பாலான சலுகைகளுக்குச் சான்றிதழில் 40 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். யூ.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆதாரில் ஒரு எழுத்து, பிறப்புச் சான்றில் ஒரு எழுத்து என்று பெயர் மாறியிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். விண்ணப்பம் நின்றுபோவது பெரும்பாலும் அங்கேதான்.

மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை தரும் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை தரும், தெரபிச் செலவும் அதில் உண்டு. அது ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும், புதுப்பிக்க மறக்கிறவர்கள் ஏராளம். தெரபி ரசீதில் மாதத்துக்கு ஒரே தொகை என்று எழுதி வாங்காமல் ஒவ்வொரு அமர்வின் தேதியையும், தெரபிஸ்டின் பதிவு எண்ணையும் எழுதி வாங்குங்கள். பிள்ளைக்கு 18 வயது நெருங்கினால் சட்டப்படியான பாதுகாவலர் நியமனம் பற்றிக் கேளுங்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுதான் அதைத் தரும்.

மற்றவர்களின் பிள்ளைகள் முன்னேறுவதைப் பார்த்தால் மனம் சோர்கிறது.

எண்களை ஒப்பிடுவதை முதலில் விடுங்கள். "எங்களுக்கு 34, உங்களுக்கு 110-ஆ?" என்று ஒருவர் கேட்க, மற்றவர் அழுதுவிடுவார். 34 என்பது ஆட்டிசத்தின் தீவிரத்தை அளக்கும் கார்ஸ் அளவுகோலின் மதிப்பெண்ணாக இருக்கும், அது 15 முதல் 60 வரை. 110 இந்திய ஐ.எஸ்.ஏ.ஏ. அளவுகோலில் வந்தது, அது 40 முதல் 200 வரை. இரண்டையும் பக்கத்தில் வைக்கவே முடியாது. அதற்கும் மேல் சோர்வு வந்தால் ஒரு மாதம் குழுவை ஆவணக்காப்பில் (ஆர்க்கைவ்) போட்டுவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தூக்கமும் சாப்பாடும் கெடும் அளவுக்குப் போனால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். பிள்ளையின் பிரச்சினை என்று காரணம் சொல்லத் தேவையில்லை, உங்களுக்காகவே அழைக்கலாம்.

அவசரத்தில் குழுவில் எழுதலாமா?

முதலில் எழுத வேண்டாம். வலிப்பு வந்தால் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால் 108. பிள்ளையைக் காணவில்லை என்றால் 112. கூடவே பக்கத்திலுள்ள கிணறு, குளம், தண்ணீர்த் தொட்டியை முதலில் பாருங்கள். தண்ணீரின்மேல் ஈர்ப்புள்ள பிள்ளைகள் நிறைய, உயிர்ச்சேதமும் அங்கேதான் அதிகம்.

போலீஸுக்குச் சொன்ன பிறகு குழுவில் போடலாம். அன்று போட்டிருந்த உடையின் நிறம், கடைசியாகப் பார்த்த இடம், நேரம், பெயர் சொன்னால் திரும்புவானா, தொட்டால் பயப்படுவானா, எந்தப் பாட்டுக்கு நிற்பான் என்று எழுதுங்கள். கிடைத்ததும் "கிடைத்துவிட்டான்" என்று பதிலிட்டு, படத்தை எல்லாக் குழுக்களிலும் அழிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இரண்டு வருடம் கழித்தும் அந்தப் படம் சுற்றும்.

வெளிநாட்டில் இருக்கிறோம். வீட்டில் தமிழை நிறுத்தச் சொல்கிறார்களே?

நிறுத்த வேண்டாம். இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசப் பிள்ளைகளின் பேச்சு பின்தங்குவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. தடுமாறும் ஆங்கிலத்தில் அம்மா பேசுவதைவிட, சரளமான தமிழில் பத்து மடங்கு பேசுவது மேல். படம் தொட்டுப் பேசும் செயலி தேவைப்பட்டால், சென்னையில் உருவான ஆவாஸ் தமிழிலும் இருக்கிறது. தமிழ்க் குழுவில் சேர்வது வீட்டுப் பழக்கங்கள், உணவு, தாத்தா பாட்டிக்கு விளக்குவது போன்றவற்றுக்கு உதவும். பள்ளி, உதவித்தொகை விஷயங்களுக்கு நீங்கள் இருக்கும் ஊரின் குழுவையே கேளுங்கள்.

ஆட்டிசம் உள்ள பெரியவர்களே குழுவில் இருந்தால்?

அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிக்ஸி சத்தம் உள்ளே எப்படிக் கேட்கும், கண்ணைப் பார்க்கச் சொன்னால் என்ன ஆகும் என்பதை வேறு யாரால் சொல்ல முடியும்? அவர் முன்னால் "நார்மல் பிள்ளைங்க மாதிரி ஆகணும்" என்று எழுதும்போது கொஞ்சம் யோசித்து எழுதுங்கள்.

உதவி கேட்டுப் பணம் அனுப்பச் சொல்கிறார்கள்.

மருத்துவமனையின் கணக்குக்கு நேரடியாக அனுப்புங்கள், தனிநபரின் க்யூ.ஆர். படத்துக்கு வேண்டாம். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகாருக்கான 1930-ஐ அழையுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணத்தை முடக்க வாய்ப்பு உண்டு.

நாங்களே ஒரு குழு தொடங்கலாமா?

தொடங்குங்கள், சின்னதாக. 25, 30 பேர், ஒரே ஊர், ஏறத்தாழ ஒரே வயதுப் பிள்ளைகள் என்றால் குழு உயிரோடு இருக்கும். அட்மின் குறைந்தது மூன்று பேர் வேண்டும், ஒருவர் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் இன்னொருவர் பார்த்துக்கொள்ள. அவர்களில் ஒருவராவது அப்பாவாக இருந்தால் மற்ற அப்பாக்களும் வாய் திறப்பார்கள். புதியவரை அட்மின் ஒப்புதலுடன் மட்டுமே சேர்க்கும்படி அமையுங்கள். சேர்க்கும் முன் பிள்ளையின் வயது, ஊர், யார் மூலம் வந்தார் என்ற மூன்றையும் கேளுங்கள். அழைப்பு இணைப்பைப் பொதுவெளியில் யாராவது போட்டுவிட்டால் உடனே அதை மீட்டமைத்துவிடுங்கள், பழையது செல்லாமல் போகும்.

விதிகள் குழு விவரத்தில் ஐந்து வரிக்குள் இருக்கட்டும்: பிள்ளை படம் இல்லை, மருந்தளவு இல்லை, விற்பனை இல்லை, இங்கே படித்ததை வெளியே அனுப்புவதில்லை, இரவு பத்துக்கு மேல் அமைதி. குட் மார்னிங் படத்தைத் தடுக்கப் போராட வேண்டாம், தோற்றுப்போவீர்கள். அதற்கென்று தனியாக ஒரு அரட்டைக் குழு வைத்துவிட்டு, முகாம் தேதி, அரசு அறிவிப்புகளை அட்மின் மட்டும் போடும் குழுவில் வையுங்கள்.

குழுவைவிட்டு வெளியேறினால் எல்லாருக்கும் தெரியுமா?

வாட்ஸ்அப்பில் நீங்கள் வெளியேறியதாக அறிவிப்பு அட்மின்களுக்கு மட்டும்தான் போகும். ஆனால் முன்னாள் உறுப்பினர் பட்டியலில் 60 நாள் வரை உங்கள் பெயர் தெரியும். நீங்கள் போட்ட பழைய செய்திகள் மற்றவர் போன்களில் அப்படியே இருக்கும். எல்லாருக்குமாக அழிக்க ஏறத்தாழ இரண்டு நாள் அவகாசம்தான், அழிக்க வேண்டியதை வெளியேறும் முன்பே அழித்துவிடுங்கள்.